பிரீமியர் பத்மினி காரின் முன்பக்கச் சத்தம்: உப்புக்காற்று ஊரில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

முன்பக்கம் டக் டக்கென்று சத்தம் வந்தால் நம் பக்கத்தில் முதலில் மாற்றப்படுவது ஷாக் அப்சார்பர்தான். இரண்டையும் மாற்றி, பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தால் தெருமுனைப் பள்ளத்திலேயே பழைய டக் திரும்பக் கேட்கும். அப்புறம் கிங் பின், அப்புறம் புஷ் (மூட்டில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உருளை), கடைசியில் "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்று ஒரு சமாதானம். அப்படியெல்லாம் இருக்க வேண்டியதில்லை. சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பது என் பிடிவாதம். அதனால் இதில் பாதிக்கு மேல் கண்டுபிடிக்கும் வேலைதான், ஸ்பேனர் வேலை கடைசியில்தான் வரும்.

நான் சொல்வது பிரீமியர் பத்மினிக்கு. 1964-ல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து 1974-லிருந்து பத்மினி என்ற பெயரில் ஓடிய வண்டி. முன்னால் ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைக்கும் இரும்புக் கையாக மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், சுருள் ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர், சக்கரம் திரும்ப கிங் பின், இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் ஸ்டெபிலைசர் கம்பி, அவ்வளவுதான். அம்பாசிடர்காரர்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளவாக்கில் ஓடி, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பி இருக்கும். அதைக் கழற்றும் முறை வேறு, ஆனால் சத்தத்தைத் தேடும் முறை ஏறக்குறைய இதேதான்.

நம் ராமநாதபுரம் கரைக்கென்று தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், வண்டியை வெறுமனே நிறுத்தி வைத்தாலே உப்பு ஏறும். மதுரையில் ஓடும் வண்டிக்கு ரப்பர் தேய்ந்து புஷ் போகும். நம் வண்டிக்கு ரப்பர் நன்றாக இருக்கும்போதே அதைப் பிடித்திருக்கும் இரும்பு உளுத்துவிடும். புஷ்ஷின் வெளிவளையம் துருப்பிடித்து ஆர்முக்குள் தளர்ந்து ஆட ஆரம்பிக்கும், கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளில் மணல் அடைத்து எவ்வளவு பம்ப் அடித்தாலும் கிரீஸ் உள்ளே போகாது, போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அதனால் வெளியூர்க்காரர்கள் சொல்லும் வரிசை நமக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். டிக்கியில் உருளும் ஜாக்கி, ஸ்பேனர் பை, இறுக்கமில்லாத ஸ்டெப்னி, டேஷ்போர்டுக்குள் கிடக்கும் டார்ச் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பானட்டைத் திறந்து பேட்டரி உட்காரும் தட்டை அசைத்துப் பாருங்கள், நம் ஊரில் அது துருப்பிடித்து ஓட்டை விழுவது சகஜம், பேட்டரி குதிக்கும் சத்தம் அப்படியே சஸ்பென்ஷன் சத்தம் மாதிரியே கேட்கும். பம்பர் பிராக்கெட், நம்பர் பிளேட், சைலன்சர் குழாயின் தொங்கல் ரப்பர், இதையெல்லாம் கையால் தட்டிப் பாருங்கள். இதிலேயே சத்தம் நின்றுவிட்டால் சந்தோஷம், மிச்சத்தைப் படிக்காமலே மூடிவிடலாம்.

காதால் பிரிப்பது

ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவர் ஓரமாகவோ மதில் ஓரமாகவோ போனால் சத்தம் திரும்பி அடித்து நன்றாகக் கேட்கும். எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம், எவ்வளவு பலமாக வருகிறது என்பது அல்ல.

கீச் கீச்சென்று, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது வந்தால், அல்லது நின்ற வண்டியின் மட்கார்டை அழுத்தினாலே வந்தால், காய்ந்த ரப்பர் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால் கிங் பின்னில் கிரீஸ் இல்லை. பிரேக்கை மிதித்த நொடியில் ஒரே ஒரு டொக், ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் இன்னொரு டொக் என்றால் ஆர்ம் புஷ்ஷோ, ஆர்மை உடம்போடு பிடிக்கும் இடமோ தளர்ந்திருக்கிறது. சரளைக் கல்லில் கடகடவென்று தொடர்ந்து வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் ரப்பர், ஸ்டெபிலைசர் இணைப்பு, டை ராட் எண்டு (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு) இந்த மூன்றில் ஒன்று. வேகம் கூடக் கூட ஊங்காரமாக ஏறி, வளைவில் மாறினால் வீல் பேரிங். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இதில் ஸ்டெபிலைசரைப் பிரித்துக் காட்ட நமக்கு ஒரு வசதி இருக்கிறது, பாம்பன் பாலம். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தில் இணைப்புகளைக் கடக்கும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் கம்பிக்கு அங்கே வேலையே இல்லை, இரண்டு பக்கமும் சேர்ந்து அசைவதால் அது முறுக்கிக்கொள்ளாது. அதனால் பாலத்து இணைப்பில் அமைதியாக இருந்து, தார்ச்சாலையின் ஓரத்தில் ஒரு சக்கரம் மட்டும் மண்ணில் இறங்கும்போது சத்தம் போட்டால், முதலில் ஸ்டெபிலைசர் ரப்பரைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அடித்தால் ஷாக் அப்சார்பர் பிடிப்பு அல்லது ஆர்ம் புஷ். பாலத்தில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், பின்னால் பஸ் வரும்.

இன்னொரு துப்பு பருவம் தருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீச் சத்தம் தானாக நின்றுபோய், தை மாசம் காய்ந்ததும் திரும்பி வரும். தானாகச் சரியாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் ரப்பருக்கு வழுக்கல் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துப்பைத்தான் கீழே தண்ணீர்ச் சோதனையில் பயன்படுத்தப் போகிறோம்.

தூக்குவது

மணல் தரையில் ஜாக்கி போடாதீர்கள். வீட்டு முற்றம் மணலாக இருந்தால் கெட்டியான அகலப் பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியிலும், ஸ்டாண்டுகளுக்கு அடியில் தனித்தனியாகவும் போடுங்கள். பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கட்டாயம். செங்கல், ஹாலோபிளாக் மேல் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே படுப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன், ஹாலோபிளாக் உடையும்போது முன்னறிவிப்பு தராது. ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

தூக்கும் இடத்தில் இரண்டு விதம் உண்டு, இரண்டும் வேண்டும். உடம்புக்கு அடியில் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்பிரிங் விரியும். ஸ்பிரிங் எந்த ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த ஆர்முக்கு அடியில் தூக்கினால் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும், மூட்டுகளின் மேல் இருக்கும் அழுத்தம் போய்விடும். தொங்கவிட்ட நிலையில் ஸ்பிரிங் அழுத்தம் சில ஆட்டங்களை மறைத்துவிடும், ஆகவே ஆட்டம் பார்க்க இரண்டாவது விதம்.

தூக்கியதுமே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஆர்ம்கள் உடம்போடு சேரும் இடத்தைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும், உளுத்தது மொத்தென்று கேட்கும். பழைய வண்டியை விற்பதற்கு முன்னால் அடியில் கறுப்புக் கோட்டிங் தடவி விடுவது வழக்கம், அந்தக் கோட்டிங்குக்குப் பின்னால் தகடே இல்லாமல் இருப்பதும் உண்டு. அந்த இடம் உளுத்திருந்தால் புஷ், கிங் பின் எதையும் வாங்காதீர்கள். முதலில் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங், பிறகுதான் மற்றது.

கையால் ஆட்டிப் பார்ப்பது

சக்கரத்தின் மேல் நுனியை ஒரு கையாலும் கீழ் நுனியை இன்னொரு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுங்கள். ஆட்டம் தெரிகிறதா? உடனே முடிவுக்கு வராமல் உள்ளே இருப்பவரிடம் "தம்பி, பிரேக்கை மிதிச்சுப் பிடி" என்று சொல்லிவிட்டு அதே மாதிரி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் அது வீல் பேரிங், ஏனென்றால் பிரேக் ஷூ டிரம்மை இறுகப் பிடித்து, ஹப்பையும், அது சுற்றும் அச்சான ஸ்டப் ஆக்ஸிலையும் ஒன்றாக்கிவிடும். பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின், இல்லை ஆர்மின் மூட்டு. எது என்று தெரிய, கிங் பின் புஷ்ஷும் அந்தப் பின்னைத் தாங்கும் தூணும் சேரும் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொல்லுங்கள். விரல் நுனிக்கு அடியில் இரண்டு இரும்பும் தனித்தனியாக நகர்வது துல்லியமாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும்.

அடுத்து சக்கரத்தை இடவலமாகப் பிடித்து ஆட்டுங்கள். இந்த ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகளில் இருக்கும், டை ராட் எண்டு ஒவ்வொன்றையும் கையால் மூடிப் பிடித்தால் எது துள்ளுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், யாருமே அதைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டு ஸ்பிரிங்கின் மேல் விரல் வைத்தால், பேரிங் கெட்டிருக்கும் பக்கம் சொரசொரவென்று அதிர்வு வரும்.

ஆர்ம் புஷ்ஷுக்குக் கை போதாது. நீளமான டயர் லீவரை ஆர்முக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து திரும்பி வருவது சரி. இரும்பும் இரும்பும் டொக்கென்று இடித்தாலோ, வெளிவளையம் ஆர்முக்குள் நகர்ந்து துருப்பொடி உதிர்ந்தாலோ அந்தப் புஷ் போய்விட்டது. போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பொடி படிந்து, நடுவில் மட்டும் பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்திருந்தால் அங்கேதான் அசைவு நடக்கிறது, வேறு சாட்சி வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனை

கீச் சத்தத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பூவுக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர். வண்டி சக்கரத்தில் நிற்கட்டும். ஒருவர் மட்கார்டை அழுத்தி விட்டுக்கொண்டே இருக்க, நீங்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷை மட்டும் நனையுங்கள், கொஞ்ச நேரம் கேளுங்கள், அப்புறம் அடுத்தது. எதை நனைத்ததும் சத்தம் நின்றதோ அதுதான் ஆள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்துவிட்டால் காயும்வரை காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தண்ணீருக்குப் பதில் டீசலோ கழிவு ஆயிலோ அடிக்கவே அடிக்காதீர்கள். உடனே சத்தம் நிற்கும், மெக்கானிக்குக்குப் பெயரும் கிடைக்கும், ஆனால் எண்ணெய் ஏறிய ரப்பர் ஊதிப் பஞ்சு மாதிரி ஆகி, நன்றாக இருந்த புஷ்களும் சேர்ந்து போய்விடும்.

இனி ஸ்பேனர்

கிங் பின்னிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பாதி நேரம் அது கிரீஸ் கேட்டுத்தான் அழுகிறது. நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். கிரீஸ் போகவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள், அப்படியும் ஆகாவிட்டால் புது நிப்பிள் போடுங்கள், விலை ஒன்றுமில்லை. சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருக்கப் பம்ப் அடியுங்கள். முதலில் கறுப்பாக, துருவும் மணலும் கலந்து பிதுங்கும். சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை நிறுத்தாதீர்கள். விசைப்படகுக்காரர்கள் வாங்கும், தண்ணீரில் கரையாத கிரீஸ் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கிடைக்கும், நம் வண்டிக்கு அதுதான் தோது.

கிரீஸ் ஏறியும் ஆட்டம் இருந்தால் கிங் பின் செட்டை மாற்ற வேண்டும், இது வீட்டு வேலை இல்லை. புதுப் புஷ்ஷை அடித்து இறக்கியபின் மேல் கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் (துளையை உள்ளே சீவும் கருவி) ஓட்டிச் சரியளவாக்க வேண்டும், நல்ல லேத்துப் பட்டறையில் கொடுங்கள். தனித்தனியாக எமரிப் பேப்பரில் தேய்த்துப் பொருத்துகிறேன் என்று யாராவது சொன்னால் உதிரிகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் கிங் பின்னைக் கையாலேயே தள்ளினால் இறுக்கமாக உள்ளே போக வேண்டும், தொளதொளவென்று விழக்கூடாது. மேலும் கீழும் இருக்கும் ஆட்டத்தை வாஷர் வைத்துக் குறைப்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்ம் புஷ் மாற்றுவதில்தான் உப்பு தன் வேலையைக் காட்டும். முந்தின இரவே எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். நட் கழன்ற பிறகும் போல்ட் வராமல் ரப்பரோடு சேர்ந்து சுற்றினால் மல்லுக்கட்ட வேண்டாம், புஷ்ஷின் இரு பக்கமும் ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள், போல்ட் எப்படியும் புதிதாகப் போடப்போவதுதான். ஒரு எச்சரிக்கையைச் சத்தமாகவே சொல்கிறேன்: ஸ்பிரிங் உட்காரும் ஆர்மைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இருக்க வேண்டும். கயிற்றால் கட்டினேன், சங்கிலியால் கட்டினேன் என்பதெல்லாம் வேண்டாம், அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். கருவி இல்லையென்றால் இந்த ஒரு கட்டத்தைப் பட்டறையில் செய்யுங்கள்.

பழைய புஷ்ஷின் வெளிவளையம் ஆர்முக்குள் துருவோடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ஆர்ம் கோணும். ஹாக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்து வளையத்தை மட்டும் ஒரு இடத்தில் அறுத்தால் அது சுருங்கி எளிதாக வெளியே வரும், ஆர்மின் உலோகத்தில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுப் புஷ்ஷை பெஞ்ச் வைஸில் அளவான சாக்கெட் வைத்து அழுத்தி இறக்குங்கள். புதுப் புஷ் துளையில் தொளதொளவென்றிருந்தால் துளையே பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், வேறு ஆர்ம் தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையிலோ மதுரையிலோ வாங்கும்போது பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு, ரப்பரும் இரும்பும் சேரும் விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். நகத்துக்கே பிரிந்தால் டூப்ளிகேட்.

போல்ட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு சபலம் உண்டு. படகுப் பட்டறையில் துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளவென்று இருக்கும், அதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட், தலையில் 8.8 என்று அச்சிட்ட ஹைடென்சைல் போல்ட் அளவுக்கு இழுவையைத் தாங்காது, சீக்கிரம் நீளும். 8.8 போல்ட்டையே வாங்கி, உள்குழாய்க்குள் போகும் தண்டுப் பகுதியில் கிரீஸ் தடவிப் போடுங்கள், அடுத்த முறை ஹாக்ஸா தேவைப்படாது.

மற்றவை சுருக்கமாக. ஸ்டெபிலைசர் ரப்பர் மலிவு, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அல்லது மட்கார்டை அழுத்தி விட்டதும் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால்தான் மாற்ற வேண்டும். வெறும் சத்தம்தான் என்றால் அதன் மேல் கீழ் ரப்பரை மாற்றி, ரப்பர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு நட்டை இறுக்கினால் போதும். வீல் பேரிங்கைக் கழற்றும்போது கிரீஸின் நிறத்தைப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கோடு ஆயில் சீலையும் மாற்றுங்கள், ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

கடைசி இறுக்கு

புது புஷ் போட்டும் கொஞ்ச நாளில் கிழிந்துவிட்டது என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கும். அதனால் முதலில் கைப்பிடியாக மட்டும் முடுக்குங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னே பின்னே கொஞ்சம் உருட்டி, முன்பக்கத்தை இரண்டு முறை அழுத்திவிட்டு, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு. எட்டவில்லையென்றால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயரப் பலகைகளில் ஏற்றி நிறுத்துங்கள்.

டை ராட் எண்டு மாற்றியிருந்தால், கழற்றும்போது மரை எத்தனை சுற்று என்று எண்ணி அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். அது தற்காலிகம்தான், ராமநாதபுரம் போய் அலைன்மென்ட் பார்க்கும்வரை வண்டி நேராக ஓட. பழைய வண்டி அளவு கம்ப்யூட்டரில் இல்லை என்று கடையில் சொன்னால், பின் சக்கரத்திலிருந்து முன்னால் வரைக்கும் இரு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு அவர்களையே கையால் சரிசெய்ய வைக்கலாம். பழைய ஆட்களுக்கு இது தெரியும்.

அப்புறம் கழுவுவது. தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை போய்வந்த வண்டியை மேலே மட்டும் துடைத்து நிறுத்தினால் பயனில்லை, அடியில்தான் உப்பும் மணலும் அப்பியிருக்கும். நம் போர்வெல் தண்ணீர் பல ஊரில் உப்புத்தான், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ இரண்டு குடம் போதும், ஆர்ம், ஸ்பிரிங் இருக்கை, கிங் பின் பக்கம் பார்த்து அடியுங்கள். காய்ந்த பிறகு கிரீஸ் கன்னை எடுத்து நிப்பிளுக்கு இரண்டு மூன்று பம்ப், உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளிவிடும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆர்ம் போல்ட், ஷாக் அப்சார்பர் நட், ஸ்டெபிலைசர் கிளாம்ப் மூன்றுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஆர்ம் போல்ட்டை மட்டும் அப்போதும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்குங்கள்.